தாகம் வீரமன்று

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு திடல்களின் பக்கம் உலவச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். பொழுது முற்றிலும் புலருமுன்பே இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் அணியணியாக ஓடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு ஆர்வம் அதில் ஒரு பங்கு. பிழைப்பின் தேவை மூன்று பங்கு. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. ஆவடியில் மத்திய ரிசர்வ் காவல் படையின் முகாமும் உண்டு. சீருடைகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சீருடையின் மீது ஆசை பிறப்பது இயல்பே. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிடங்களுக்காகவே ஓராண்டு, ஈராண்டு என்று அவர்கள் ஓடுகிறார்கள். நம் சமுதாயத்து இளைஞர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் அவர்களோடு கூடவே ஒரு நம்பிக்கையும் ஓடுகிறது. ஓடுமுன் தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும். இடையில் குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும். தாகத்தை அடக்கத் தெரிந்தவனே உரம் பெற்றவன் என்பதுதான் அது. தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்த பையனைப் பயிற்றுநர் ஒருவர், "கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிறாய்?" என்று ஏளனம் செய்ததை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். பையன் புட்டியைக் கீழே வைத்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். தமக்குச் சொல்லித் தந்தவர் சொன்னதையே அவரும் சொல்லுகிறார்.

இந்த நம்பிக்கைக்கு வயது நூற்றுக்கும் மேல். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டத்தில், தண்ணீர் இன்றி மனிதனால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்ப்பதற்காகவே அமைப்பாளர்கள் தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்து வைத்தனர். கடும் வெப்பம், புழுதி பறக்கும் பாதை. ஓடத் தொடங்கியவர் 32 பேர். முடித்தவர் 14 பேரே. அந்த ஆராய்ச்சியின் முடிவைத் தெரிந்துகொள்ள வேறு ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சேப்பாக்கத் திடலே சான்று சொல்லும். 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே ஆடிய டெஸ்ட் பந்தயம் வெற்றி தோல்வியின்றிச் சரிசமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த இரண்டாவது பந்தயம் அது. அதில் டீன் ஜோன்ஸ் என்ற இருபத்தைந்து வயது ஆஸ்திரேலிய இளைஞர் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக மட்டை பிடித்து 210 ஓட்டங்கள் எடுத்தார். அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். இரண்டாம் நாள் சென்னையின் புழுக்கம் அவர் உடலிலிருந்த நீரையெல்லாம் பிழிந்துவிட்டது. ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். கால்கள் இழுத்துக்கொண்டன. இனி முடியாது, வெளியேறுகிறேன் என்று அவர் சொன்னபோது எதிர்முனையில் நின்ற அணித்தலைவர் ஆலன் பார்டர், அப்படியானால் மனத்திடம் கொண்ட குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அழைத்துக்கொள்கிறேன் என்று குத்தலாகச் சொன்னார். பார்டர் குவீன்ஸ்லாந்து அணிக்கு ஆடியவர், ஜோன்ஸோ விக்டோரியா மாநிலத்தவர். சொல் தைத்தது, ஜோன்ஸ் நின்றார், ஆடினார். ஆட்டமிழந்த பின் மருத்துவமனையில் படுக்க வைத்து, நரம்பின் வழியே உப்பு நீர் ஏற்றித்தான் அவரை மீட்டனர்.

இந்தக் கதையை வீரக் கதையாகவே கிரிக்கெட் உலகம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆட்டம் வீரமானதுதான், அதை நாமும் மறுக்கவில்லை. எனினும் அன்று ஜோன்ஸ் பிழைத்ததற்கு அவருடைய மனத்திடத்தை மட்டும் காரணம் காட்டினால் அந்த உப்பு நீர்ப் புட்டிக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம். அதே சேப்பாக்கத்தில் 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் 146 பந்துகளில் 194 ஓட்டங்கள் குவித்து, ஒருநாள் பந்தயங்களில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அக்கினி நட்சத்திரக் காலத்துச் சென்னை அது. தசைப் பிடிப்பினால் ஓட முடியாமல் போகவே, அவருக்காக ஷாஹித் அஃப்ரீதி ஓடினார். கை அடித்தது, கால் மறுத்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களையே இந்த ஊரின் வெயில் இப்படிச் செய்யுமானால், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி உச்சிப்பொழுது வரை டென்னிஸ் பந்தில் ஆடும் நம் வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடலில் நடப்பது இதுதான். ஓடும் தசை பெருவெப்பத்தை உண்டாக்குகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீது உலர்ந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. உலர வேண்டும் என்பதே இங்கு முக்கியம். வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீணாய்ப் போன நீர். சென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. அதிலும் விடியற்காலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். குளுமையாகத்தானே இருக்கிறது என்று எண்ணி ஓடுபவனின் பனியன் பத்து நிமிடத்தில் நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். பிற்பகலிலோ வேறு தொல்லை. கடற்காற்று கரையோரத்தைத் தொட்டுச் சற்று நேரம் கழித்தே உள்நிலத்துக்கு வந்து சேரும். திருவல்லிக்கேணி மூச்சு விடத் தொடங்கிய பிறகும் ஆவடி புழுங்கிக்கொண்டே இருக்கும்.

நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கும் இரத்தத்துக்குத் தசை ஒருபுறம் கை நீட்டுகிறது. குளிர்விக்க வேண்டிய தோல் மறுபுறம் கை நீட்டுகிறது. இதயம் இரு தரப்பையும் நிறைவு செய்ய விரைந்து துடிக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே வெயிலில் நெடுநேரம் ஓடும் ஆற்றல் தளர்ந்துவிடுகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்ற கருத்து. அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது ஒரு கிலோவும் இருநூறு கிராமும். கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகக் கூடும். கணக்கிட்டுக் கொள்க.

இங்கே பயிற்றுநர்கள் ஒன்றை மற்றொன்றாக மயங்குகிறார்கள். வெயிலுக்கு உடலைப் பழக்கலாம். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தால் பத்துப் பதினான்கு நாட்களில் உடல் விரைவாகவே வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடவும் கற்றுக்கொள்கிறது. ஆயின் நீரின்மைக்கு உடலைப் பழக்க இயலாது. எத்தனை நாள் பட்டினி போட்டாலும் மாடு புல்லின்றி வாழக் கற்றுக்கொள்ளாததைப் போல.

ஏழு நிமிட ஓட்டத்தின் இடையே ஒருவனுக்கு ஒரு மிடறு தண்ணீரும் தேவைப்படாது என்பது உண்மையே. ஆபத்து அதற்கு முந்தைய மணி நேரங்களில் இருக்கிறது. உடல் இலேசாக இருக்கட்டும் என்று முந்தைய இரவிலிருந்தே குடிக்காமல் வந்து, வெயிலில் வரிசையில் நின்று, முறை வந்ததும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்களே, அங்கே இருக்கிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வுக்காக 10 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. அதில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாண்டனர். ஊக்க மருந்து உட்கொண்டிருக்கலாம் என்று ஒரு தரப்பும், இரவெல்லாம் வரிசையில் காக்க வைத்துப் பிறகு புழுக்கத்தில் ஓடவிட்டதே காரணம் என்று மறுதரப்பும் வாதிட்டன. காரணம் எதுவாயினும், வேலை தேடிப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அத்தகைய தேர்வுக்குச் செல்லும் பிள்ளை புறப்படுமுன் மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்போதே ஒன்றிரண்டு குவளை தண்ணீர் நிதானமாகக் குடித்துவிட்டால், மிகுதியானது ஓட்டத்துக்கு முன்பே சிறுநீராகக் கழிந்துவிடும். வயிறும் கனக்காது.

இனி மறுபக்கம். இதைப் படித்துவிட்டு எவரேனும் பிள்ளையின் கையில் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் எழுதுகிறோம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகமின்றியும் நிறுத்தம்தோறும் தண்ணீர் குடித்து, ஓடி முடித்தபின் முன்னிலும் எடை கூடியிருந்தோரிடமே இது மிகுதியாய்க் காணப்பட்டது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் மூளை வீங்கும், உயிரும் போகும். ஆகவே அளவு வேண்டும். அளவைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஓடுமுன் ஒரு முறையும், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்தபின் ஒரு முறையும் எடை பார்த்தால் போதும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அதற்குச் சற்று கூடுதலாக, ஒன்றேகால் அல்லது ஒன்றரை மடங்கு, சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடித்து உணவும் உண்டால் இழந்தது திரும்பும். ஓட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் மிகையாகக் குடித்தாகிவிட்டது என்று பொருள். அமர்ந்து, மூன்று மூச்சில் பருகும் ஸுன்னத்தை நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கிறோம். திடலில் அது மறந்துபோவது ஏன் என்று நமக்குப் புரியவில்லை.

வியர்வையோடு உப்பும் போகிறது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆட்டத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு, காலையில் நீராகாரம் ஆகியவை நம் வீடுகளில் உள்ளவையே. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே உப்பிட்ட பண்டம் எதையேனும் உடன் உண்பது நலம். கடைகளில் வண்ணப் பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் பானங்களைப் பற்றியும் ஒரு சொல். சர்க்கரை மிகுந்த பழரசங்களின் மீது ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அச்சிட்டு நெடுநாள் விற்று வந்தனர். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டுகள் போராடிய பின், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைப் பானங்களுக்கு இடலாகாது என்று தடுத்தது. ஒரு தனி மருத்துவரின் விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றி அது.

மெய்யான ஓ.ஆர்.எஸ். பிறந்த கதை வங்காளத்துக்குரியது. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீர் தானாகச் செல்கிறது. அறுபதுகளில் தெளிவான இந்த உண்மையை வைத்து டாக்காவில் வாந்திபேதி நோயாளிகளுக்கு வாய்வழியே நீர் கொடுத்துப் பார்த்தனர். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான போன்காவுக்கு அகதிகள் வெள்ளமாய் வந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். பின்னாளில் டாக்கா ஆய்வாளர்கள் சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைக் கரைத்துக் கொடுத்தும் வெற்றி கண்டனர்.

அரிசி, உப்பு, நிறைய நீர் என்று படித்ததும் வாசக அன்பர்களுக்கு எது நினைவுக்கு வரும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா? பள்ளிவாசல் முற்றத்தில் அஸருக்குப் பின் ஆவி பறக்க அண்டாவிலிருந்து அள்ளி ஊற்றும் நோன்புக் கஞ்சியேதான். பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்ந்த அக்கஞ்சியை மருந்தென்று சொல்லமாட்டோம். அதில் உப்பு அளந்து போடப்படுவதில்லை. ஆயினும் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் நீர் அருந்தாதிருந்த குடலுக்கு அதைவிட இணக்கமான முதல் உணவு வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பொரித்த பண்டங்களின் மீது பாய்ந்து கஞ்சியை ஒதுக்கும் இளைஞர்களைக் காணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

நோன்பைப் பற்றிய பேச்சு வந்தபின் அதைத் தெளிவாகவே பேசிவிடுவோம். தாகத்தை அடக்குவது வீரமன்று என்று எழுதும் நாம், நோன்பாளியின் தாகத்தையும் அதே தராசில் வைக்கவில்லை. நோன்பு இபாதத், அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகையும் உண்டு. பயிற்றுநரின் ஏளனத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1995 பிப்ரவரியில் ரமளான் வந்தபோது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் நோன்போடு ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக் ரமளானில் வந்தபோது மோ ஃபாரா நோன்பைப் பின்னர் நோற்பதாக ஒத்திவைத்து 5000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றார். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் ஆடிய கால்பந்துப் போட்டியில் சூரியன் மறைந்ததும் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, நோன்பிருந்த இரு வீரர்கள் நோன்பு திறக்க வழி செய்தனர். யாருக்கு எது பொருந்தும் என்பதை ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டறிவதே முறை.

பயிற்சியை விட மனமில்லாத நோன்பாளி மக்ரிபுக்கு முந்தைய அரைமணியில் இலேசாக உடலை அசைக்கலாம். பாங்கு ஒலிக்கும்போது தண்ணீர் அருகிலேயே இருக்கும். கடும் ஓட்டத்தைத் தராவீஹுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஸஹரில் ஒரே மூச்சில் ஒரு செம்பு நீரைக் கவிழ்ப்பதால் பயனில்லை. சிறுநீரகம் மிகையைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். இரவு முழுவதும் பகிர்ந்து குடித்ததே மறுநாள் பகலுக்கு உதவும். 2019ஆம் ஆண்டை மேற்குப் புறநகர் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கினி நட்சத்திரத்தில் ரமளான். அவ்வாண்டே சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரோடு புறப்பட்ட ரயில் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்தே வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்வதால் 2030இல் அது மார்கழிக் குளிரில் வரும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் அன்றும் இரவில் தண்ணீர் குடிக்க மறப்பவர் இருப்பர்.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே குழந்தைக்காகத் தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜர் அவர்களின் ஓட்டத்தை நினைவிற்கொண்டு ஸயீ செய்யும் சமுதாயம் நாம். 2024 ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 50 பாகைக்கு மேலே சென்றது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி, நிழலும் தங்குமிடமுமின்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். வெயிலில் ஒருவர் உளறத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பன்று. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கும். ஊற்ற வேண்டிய நீர் உடலின் மேல்தான்.

கடைசியாக, நம் பெண்மக்களைப் பற்றி. காவலர் தேர்வுக்கு 400 மீட்டர் ஓடிப் பழகும் பெண்களும், பள்ளிகளில் எறிபந்தும் கபடியும் ஆடும் சிறுமியரும் தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களை எவரும் ஏளனம் செய்து தடுக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே என்ற அச்சம்தான் தடுக்கிறது. காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் வரை ஒரு மிடறும் அருந்தாத பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். தாய்மார்களும், பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும் என்று அதைக் கண்டும் காணாதிருக்கின்றனர். 2019இல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கம் தொடங்கியது. நல்ல வழக்கம், ஆனால் மணியடித்தால் மட்டும் பெண்பிள்ளை குடித்துவிடமாட்டாள். விளையாட்டு விழா நடத்தவும் வெற்றிக் கோப்பை வழங்கவும் நம் ஜமாஅத்துகளும் இளைஞர் சங்கங்களும் ஆண்டுதோறும் நன்கொடை திரட்டுகின்றன. அடுத்த முறை அப்பணத்தில் ஒரு பகுதியைத் தாழ்ப்பாளோடு கூடிய ஒரு கழிப்பறைக்கும், அதன் பக்கத்தில் குடிநீர்க் குழாய் ஒன்றுக்கும் ஒதுக்கட்டும். கோப்பையைச் சற்றுச் சிறியதாக வாங்கிக்கொள்ளலாம்.